ஷுட் ஹேவ் - போட்டிருக்கணும்

மக்களே, ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னைக்கு கொஞ்சம் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கேன். பயந்து ஓடாதீங்க. நானே பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ் முதல் செமஸ்டர்ல 'எக்ஸ்கியூஸ் மீ சார்' சொல்றதுக்கே மூணு தடவை ஒத்திகை பார்த்தவன். அதனால இது வாத்தியார் எடுக்கிற கிளாஸ் இல்லை. அடி வாங்கினவன் எடுக்கிற கிளாஸ்.

விஷயம் ரெண்டே வார்த்தைதான். ஷுட் ஹேவ்.

ஆஃபிஸ்ல ஒரு நாளைக்கு இதை எத்தனை தடவை கேக்கிறோம்னு எண்ணிப் பாருங்க. 'யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ' (மேனேஜர், தினமும்). 'வி ஷுட் ஹேவ் டெஸ்டட் இட்' (ரிலீஸ் முடிஞ்ச மறுநாள், எல்லாரும்). 'ஐ ஷுட் ஹேவ் டேக்கன் மெக்கானிக்கல்' (நான், ராத்திரி ரெண்டு மணிக்கு). மூணுலயும் சமாச்சாரம் ஒண்ணுதான். சொல்லியிருக்கணும், சொல்லலை. டெஸ்ட் பண்ணியிருக்கணும், பண்ணலை. இதுல 'பண்ணலை'ங்கிற பாதி வெளியில வரவே வராது. கேக்கிறவங்களே போட்டுக்க வேண்டியதுதான்.

இதோட நின்னா பிரச்சினை இல்லை. இதே ரெண்டு வார்த்தை பார்ட் டைமா இன்னொரு வேலையும் பார்க்குது. 'ஹி ஷுட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நௌ.' இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். இதுல திட்டும் இல்லை, குறையும் இல்லை. வெறும் கணக்கு. அவன் போய்ச் சேர்ந்தானான்னு சொல்றவருக்கே தெரியாது. ஆக ஒரே 'ஷுட் ஹேவ்' ஒரு இடத்துல 'நடக்கலை'ங்குது, இன்னொரு இடத்துல 'நடந்திருக்கும்'ங்குது. நேர்ல பேசினா முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடலாம். போன்ல குரல் காட்டிக் கொடுத்துடும். மெயில்ல?

மெயில்லதான் மாட்டினேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. க்ளையன்ட்டோட டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாத்துற வேலை. ரெண்டு மணிக்குள்ள நாங்க பேக்கப் எடுத்து முடிக்கணும். அதுக்கப்புறம் அவங்க பக்கம் மாத்துற வேலையை ஆரம்பிப்பாங்க. ரெண்டே காலுக்குப் பார்க்கிறேன், பேக்கப் முக்கால்வாசியில அப்படியே நிக்குது. பதட்டத்துல ஒரு மெயில் தட்டினேன். 'த பேக்கப் ஷுட் ஹேவ் கம்ப்ளீட்டட் பை டூ ஏ.எம். வி ஆர் செக்கிங்.'

நான் சொல்ல வந்தது, 'ரெண்டு மணிக்கே முடிஞ்சிருக்க வேண்டியது, இன்னும் முடியலை, என்னன்னு பார்க்கிறோம்.' அந்தப் பக்கம் இருந்தவர் படிச்சது, 'ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிருக்கும், சும்மா ஒரு தடவை சரிபார்த்துக்கிறோம்.' ஆரம்பிச்சிட்டார். பாதியில புட்டுக்கிச்சு. பழைய நிலைக்குத் திரும்பலாம்னா, கையில இருந்த முழு பேக்கப் வெள்ளிக்கிழமை ராத்திரியோடது. சனிக்கிழமை முழுக்க அவங்க ஆளுங்க போட்ட என்ட்ரி எல்லாம் காலி. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் உக்காந்து எல்லாத்தையும் கையால திரும்பப் போட்டாங்க.

மீட்டிங்ல மேனேஜர் கத்தவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "முடியலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் முடியலைன்னு எழுதலை?"

'சார், இலக்கணப்படி நான் எழுதினது சரிதான்.' நல்லவேளை, இதை மனசுக்குள்ளதான் சொன்னேன்.

இத்தனைக்கும் ஷுட் தர்ற குழப்பத்துக்கு எங்க துறைப் பெருசுங்க எப்பவோ பஞ்சாயத்து பண்ணி வெச்சிருக்காங்க. 1997 மார்ச்ல வந்த ஆர்.எஃப்.சி. 2119னு ஒரு குட்டி ஆவணம், ஸ்காட் பிராட்னர் எழுதினது. இணையத்துக்கான விதிமுறைகளை எழுதும்போது எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அதுல இருக்கு. மஸ்ட்னா செஞ்சே ஆகணும். ஷுட்னா செய்யறது நல்லது, தகுந்த காரணம் இருந்தா விடலாம், ஆனா விளைவை நல்லா யோசிச்சுட்டு விடு. மேன்னா உன் இஷ்டம். 20 வருஷம் கழிச்சு 2017ல ஆர்.எஃப்.சி. 8174 வந்து, பெரிய எழுத்துல எழுதினா மட்டும்தான் இந்த அர்த்தம், சின்ன எழுத்துல இருந்தா அது சாதாரண இங்கிலீஷ்னு தெளிவுபடுத்திச்சு. ஆனா பாருங்க, இதெல்லாம் இனிமே செய்ய வேண்டியதுக்கு. பக்கத்துல ஒரு 'ஹேவ்' வந்து உக்காந்துட்டா, அதாவது நடந்து முடிஞ்ச கதைன்னா, நம்ம பாடுதான்.

இது இங்கிலீஷ்காரன் பிரச்சினை, நம்ம தமிழ்ல இந்த வம்பு கிடையாதுன்னு பெருமையா சுத்திட்டு இருந்தேன். 'முடிஞ்சிருக்கும்'னா கணக்கு, 'முடிஞ்சிருக்கணும்'னா குறை. சுத்தமா ரெண்டு வார்த்தை. அந்தப் பெருமை மூணு மாசம்தான் நிலைச்சுது.

அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில. அக்காவும் அதே ஊர்ல ரெண்டு தெரு தள்ளி. அப்பாவுக்கு பி.பி. மாத்திரை மாசா மாசம் நான் இங்க சென்னையில இருந்து ஆன்லைன்ல போட்டு விடுவேன். வீட்டுக்கு நான் உருப்படியா செய்யற ஒரே வேலை அது. அந்த மாசம் ரெண்டு மூணு நாள் லேட்டாத்தான் ஆர்டர் போட்டேன். ஒரு புதன்கிழமை மத்தியானம், மீட்டிங்ல இருக்கேன், அக்காகிட்டயிருந்து வாட்ஸப்.

'அப்பா காலைலயே மாத்திரை போட்டிருக்கணும்.'

சரி, பார்சல் போய்ச் சேர்ந்துடுச்சு போல, அப்பா போட்டிருக்கணும்னு நினைச்சு ஒரு கட்டைவிரலைத் தட்டி விட்டுட்டு மீட்டிங்கைக் கவனிச்சேன்.

சாயங்காலம் போன். அப்பா கடைக்குப் போற வழியில தலை சுத்தி விழுந்துட்டார். நெத்தியில மூணு தையல். பார்சல் வரவே இல்லை. மாத்திரை தீர்ந்து ரெண்டு நாள் ஆச்சு. "மருந்து அனுப்பலையேன்னு உனக்கு மெசேஜ் போட்டா, கட்டைவிரலைக் காட்டுற. என்னலே அர்த்தம் அதுக்கு?"ன்னு அக்கா கேட்டா. எனக்கு நாக்கு எழும்பலை.

ராத்திரி பஸ்ல ஊருக்குப் போறப்போதான் யோசிச்சேன். 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கணும்.' ரோடு நனைஞ்சு கிடக்கிறதைப் பார்த்துச் சொன்னா, பெஞ்சிருக்கு. கம்மாய் காஞ்சு கிடக்கிறதைப் பார்த்துச் சொன்னா, பெய்யலை. வார்த்தை அதேதான், ஒரு எழுத்து மாறலை. இங்கிலீஷ்லயாவது முதல்ல உள்ளதுக்கு 'மஸ்ட் ஹேவ்', ரெண்டாவதுக்கு 'ஷுட் ஹேவ்'னு பிரிச்சு வெச்சிருக்கான். நம்மகிட்ட ரெண்டுக்கும் ஒரே 'கணும்'. அக்கா காஞ்ச கம்மாய் பக்கம் நின்னு எழுதினா. நான் நனைஞ்ச ரோட்டுல நின்னு படிச்சேன்.

ஆனா மொழி மேல பழியைப் போட்டுத் தப்பிக்க மனசு வரலை. மேனேஜர் கேட்ட கேள்விக்கு பதில் அந்த பஸ்லதான் கிடைச்சுது. 'டிட் நாட் கம்ப்ளீட்'னு எழுதியிருந்தா அடுத்த கேள்வி 'ஏன்?'னு வரும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. 'ஷுட் ஹேவ்'ல அந்தச் சங்கடம் இல்லை. தப்பு என்னோடதா, மெஷினோடதா, எதுவும் தெரியாது. அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கிட்டேன். அதுதான் நிஜம்.

அக்கா கதையே வேற. 'நீ மருந்து அனுப்பலை, அதனால அப்பா போடலை'ன்னு நேரா எழுதியிருக்கலாம். தம்பி வேலை நேரத்துல மனசு கஷ்டப்படுவானேன்னு பாதியை முழுங்கிட்டா. நான் என்னைக் காப்பாத்திக்க முழுங்கினேன், அவ என்னைக் காப்பாத்த முழுங்கினா. ரெண்டு தடவையும் முழுங்கினது அந்த ஒரே சமாச்சாரம்தான். நடக்கலை.

இப்போ நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். மெயில்ல 'ஷுட் ஹேவ்' வந்தா நிறுத்தி, அதுக்கு முன்னாடி ஒரு வரி சேர்ப்பேன். முடிஞ்சுதா, முடியலையா, இல்லை எனக்கே தெரியாதா. மூணுல ஒண்ணு. அதுக்கப்புறம் ஷுட் ஹேவ், குட் ஹேவ் எல்லாம் எத்தனை வேணும்னாலும் வரட்டும்.

மாத்திரை இப்போ பத்து நாள் முன்னாடியே போயிடுது. அப்பா நெத்தியில தழும்பு மட்டும் இருக்கு. கேட்டா "வயசான காலத்துல ஒரு அடையாளம் வேணும்லாலே"ன்னு சிரிக்கிறார். தினமும் காலையில எட்டு மணிக்கு அவர்கிட்டயிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும்.

'போட்டாச்சு.'

இதுக்கு ரெண்டு அர்த்தம் கிடையாது மக்களே.

டிஸ்கி: இந்தப் பதிவை போன மாசமே போட்டிருக்கணும். எந்த அர்த்தத்துலன்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க. வர்ட்டா!