காணாமற்போன கேள்விக்குறி

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மகள், விடுமுறை நாள் ஒன்றில் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, "வாப்பா, ஒருவர் முடிக்காமல் வைத்திருந்ததை, அவரைக் கேளாமல் இன்னொருவர் வெளியிட்டுவிட்டால், அது யாருடையது?" என்று கேட்டாள். எந்த நூலைப் பற்றிக் கேட்கிறாய் என்றோம். நூல் அல்ல, ஓர் அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டு என்றாள்.

இசையைப் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவார்கள். அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பாடகரின் பாடல்களில் நம் இல்லங்களில் ஒலிக்கத் தகாதவையும் உண்டு. ஆயினும் மகள் சொன்ன வரலாறு பாட்டைப் பற்றியது என்பதைவிட அமானிதத்தைப் பற்றியது. அதைக் கேட்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

மார்வின் கே என்பது அவர் பெயர். 1939 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட சிறியதொரு கிறிஸ்தவச் சபையின் போதகர், கண்டிப்பு மிக்கவர். கறுப்பின மக்கள் தம் தேவாலயங்களில் உள்ளம் உருகிப் பாடிய முறையே பின்னர் வெளியுலகப் பாடல்களிலும் புகுந்து 'சோல்' என்னும் இசையாயிற்று. ஆன்மா என்பதே அச்சொல்லின் பொருள். அம்மக்களின் முன்னோராய் விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் நம் மார்க்கத்தவரும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு ஸயீத், அடிமைத்தளையில் இருந்தபடியே 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அந்தச் சமுதாயத்திலிருந்து எழும் குரலைக் கேட்கையில் நாம் முற்றிலும் அந்நியரல்லர்.

டெட்ராய்ட் நகரில் 1959இல் பெர்ரி கோர்டி என்பவர் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் மோட்டவுன் எனப் புகழ்பெற்றது. மார்வின் கேயின் முதல் இசைத்தட்டு அங்கே 1961இல் வெளிவந்தது. கோர்டியின் தமக்கை அன்னாவையே அவர் மணந்தார். ஆகவே முதலாளியும் உறவினரும் ஒருவரே என்றாயிற்று. இத்தகைய கணக்குகள் எத்தனை சிக்கலானவை என்பதைக் கூட்டு வாணிபம் செய்யும் நம் குடும்பத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

போரையும் வறுமையையும் பற்றி அவர் பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் பாட்டைக் கோர்டி முதலில் விரும்பவில்லை. தயங்கித் தயங்கி 1971இல் அது வெளிவந்தபோது உலகமே கொண்டாடிற்று. பின்னர் மணவாழ்க்கை முறிந்தது. முறிவுத் தீர்வின்படி அன்னாவுக்குச் சேர வேண்டிய 6 இலட்சம் டாலரை, அடுத்த இசைத்தட்டின் முன்பணத்தாலும் வருவாயாலும் கொடுப்பதென ஏற்பாடாயிற்று. அப்படிப் பிறந்ததே 1978இல் வெளிவந்த 'ஹியர், மை டியர்'. வரிக் கடன் கழுத்தை நெரித்தது. போதைப் பழக்கமும் அவரைப் பற்றியிருந்தது. முதலில் ஹவாய்த் தீவுக்கும், பின்னர்த் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்துக்கும் சென்றார்.

1979இல் 'லவ் மேன்' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டைத் தொடங்கி, அது தம் உள்ளத்துக்கு ஒவ்வாமையால் பாதியில் நிறுத்தினார். அதே மெட்டுகளை எடுத்துக்கொண்டு, காதற் சொற்களை நீக்கி, மனிதனின் முடிவைப் பற்றியும் நன்மை தீமையைப் பற்றியும் புதிய சொற்களை இட்டு, 1980இல் இலண்டனில் மீண்டும் பாடலானார். எழுதுவதும் அழிப்பதுமாகக் காலம் கழிந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'இன் அவர் லைஃப்டைம்?' என்பதாகும். நம் வாழ்நாளிலேயே உலகம் முடிந்துவிடுமோ என்னும் வினா அது.

பணி முடியுமுன் அவருடைய இசைக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வாயிலாக ஒலிநாடாக்கள் அமெரிக்காவில் நிறுவனத்தின் கையை அடைந்தன. நிறுவனம் அவற்றை வெட்டியும் ஒட்டியும் கலந்தும் 1981 ஜனவரியில் வெளியிட்டுவிட்டது. 8 பாடல்கள். அவற்றுள் 'ஃபார் க்ரை' என்ற பாடலில் அவர் இன்னும் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும் நிலையே பதிவாகியுள்ளது. அது கற்பலகையில் எழுதிப் பார்த்ததைப் போன்றது, அதையும் விடவில்லை. தலைப்பின் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்குறி போனதைக் கேட்டபோதுதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அரபு இலக்கணம் பயின்றவர்க்கு ஓர் எழுத்தின் அருமை தெரியும். 'ஹல்' என்னும் ஈரெழுத்துச் சொல் முன்னே நின்றால் வினா; அதை எடுத்தால் அதே வாக்கியம் முடிந்த செய்தி. மறுமை நாளின் நேரம் அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும் என்பது நம் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே கற்கும் பாடம். நம் வாழ்நாளில் வருமோ என்று அஞ்சிக் கேட்பவன் அடியான். வந்தே தீரும் என்று சொல்பவன் தனக்கு உரிமையில்லாத அறிவைத் தனதென்கிறான். அந்தப் பாடகர் அஞ்சிக் கேட்டதை, அறிந்து சொன்னதாக ஆக்கிவிட்டார்கள். அட்டைப் படத்தில் ஒரே மனிதர் வானவராகவும் ஷைத்தானாகவும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார். நஃப்ஸுக்கும் ரூஹுக்கும் நடக்கும் போராட்டத்தைப் போதகரின் மகன் தம் வழியில் வரைந்துகொண்டார் போலும். அந்த வழக்கு முடியவில்லை என்பதே தலைப்பின் பொருள். குறியை நீக்கியதால் வழக்குத் தீர்ந்ததுபோல் ஆயிற்று.

மார்வின் கே கடுஞ்சினம் கொண்டார். முடிவுறாத ஓவியத்தை ஓவியனிடமிருந்து பறித்துக் காட்சிக்கு வைத்தது போன்றது என்ற கருத்துப்பட முறையிட்டார். இனி அந்நிறுவனத்துக்காகப் பாடுவதில்லை என்று முடிவு செய்தார். இருபது ஆண்டு உறவு அதோடு அறுந்தது. 1981 பிப்ரவரியில் பெல்ஜியம் நாட்டின் ஒஸ்டெண்ட் என்னும் கடற்கரை ஊரில் ஓர் அன்பர் அவருக்குப் புகலிடம் தந்தார். அங்கே உடலும் மனமும் ஓரளவு தேறின. 1982இல் சி.பி.எஸ். என்னும் வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 'மிட்நைட் லவ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அது பெரும் வெற்றி கண்டது. நெடுங்காலம் கிட்டாதிருந்த கிராமி விருதும் 1983இல் கிட்டிற்று.

இடையில் நின்ற அந்த இசைத்தட்டை மட்டும் எவரும் பொருட்படுத்தவில்லை. பழைய நிறுவனத்துக்கோ, போய்விட்டவரைப் புகழ்வதால் ஆவதொன்றுமில்லை. புதிய நிறுவனத்துக்கோ அது தன் சரக்கன்று. பாடியவரோ அதைத் தம்முடையதென்று சொல்லவே கூசினார். தாய்வீட்டாரும் தந்தைவீட்டாரும் ஏற்காத பிள்ளை முற்றத்தில் நிற்பதுபோல் அது நின்றது. 1984 ஏப்ரல் 1 அன்று, நாற்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், வீட்டில் எழுந்த சச்சரவின்போது தந்தையே அவரைச் சுட்டுக் கொன்றார். எழுதி அழித்துக் கொண்டிருந்த அப்பணியை அவர் கையால் முடிக்கும் வாய்ப்பு அத்துடன் போயிற்று.

நீதியாகப் பேசுவதென்றால் நிறுவனத்தின் பக்கமும் ஒரு சொல் உண்டு. ஒப்பந்தம் ஒப்பந்தமே, அதை நிறைவேற்றுவது கடமை. செலவு செய்தவர்கள் அவர்கள், காத்திருந்தவர்களும் அவர்கள். எழுத்துப்படி அந்த நாடாக்கள் அவர்களுடைய உடைமையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பொருள் நம் உடைமையாவது வேறு. அது முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை நமக்கு வருவது வேறு. செய்தவன் வாய் திறந்து 'முடிந்தது' என்று சொல்லும்வரை, அது நம் பெட்டியில் இருந்தாலும் அமானிதமே. இதை நாம் கிதாபுகளில் படித்தும் அறியவில்லை. தவறு செய்தே அறிந்தோம்.

உறக்கம் வராத காரணத்தைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. நமக்கு அப்போது வயது இருபத்தாறு. நம் உஸ்தாத் அவர்கள் வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிள் பற்றி எளிய தமிழில் ஒரு நூல் எழுதிவந்தார்கள். ஆறு ஆண்டுகளாயும் முடியவில்லை. எழுதிய பக்கங்களின் ஓரத்தில், தமக்குத் தெளிவு பிறக்காத இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி இடுவார்கள். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று நம்மிடம் படியெடுக்கத் தந்தார்கள். அந்த ஆண்டு மதரஸா விழாவுக்கு ஒரு செல்வர் காகிதச் செலவை ஏற்க முன்வந்தார். உஸ்தாத் வெளியூர் சென்றிருந்தார்கள். இப்படியே விட்டால் இந்த நூல் வெளிவரவே வராது என்று எண்ணி, நாம் எடுத்த படியை அச்சகத்தில் கொடுத்தோம். கேள்விக்குறிகளை எழுதாமல் விட்டோம். ஆலிம் ஒருவரின் நூலில் ஐயம் தெரியலாமா என்பது அன்றைய நம் அறிவு. அன்பினால் செய்தோம் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டோம். பதிப்பித்தவர் என்று நம் பெயர் அச்சாகும் ஆசையும் அதில் கலந்திருந்ததை இன்று மறைப்பதற்கில்லை.

உஸ்தாத் திரும்பி வந்து நூலைப் புரட்டினார்கள். கோபிக்கவில்லை. "தம்பி, என் சந்தேகங்களை எங்கே வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார்கள். சில மாதங்களில் பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தார், தூரத்து உறவினர் பங்கு பற்றிய ஒரு பக்கத்தைக் காட்டிச் சொத்துத் தகராறு செய்வதாகச் செய்தி வந்தது. உஸ்தாத் பேருந்தேறிச் சென்று, சபையில் நின்று, "அது என் தீர்ப்பன்று; என் கேள்வி" என்று சொல்லித் திரும்பினார்கள். நாமும் உடன் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்த அவர்கள் அந்தச் சபையில் தலைகுனிந்து நின்ற நிற்பு நம் கண்ணைவிட்டு அகலவில்லை. அதன்பின் அந்நூலை அவர்கள் தொடவில்லை. மூன்றாம் ஆண்டில் மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்தப் பாடகரின் இசைத்தட்டு 2007இல் விரிவான பதிப்பாக வந்ததென்றும், இலண்டனில் அவர் செய்துவைத்த வடிவமும் கைவிட்ட 'லவ் மேன்' பாடல்களும் அதில் சேர்ந்துள்ளன என்றும், இப்போது கேட்பவர்கள் எது அவர் செய்தது, எது பிறர் செய்தது என்று பிரித்தறிய முடிகிறது என்றும் சொன்னாள். பிறகு, "உஸ்தாதுடைய கையெழுத்துப் படி இருக்கிறதா வாப்பா?" என்றாள்.

இருக்கிறது. நான்கு நோட்டுப் புத்தகங்கள். சிவப்பு மை வெளிறியிருக்கிறதே தவிர அழியவில்லை. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொரு கேள்விக்குறிகள். மகள் ஒவ்வொரு பக்கமாகக் கணினியில் ஏற்றி வருகிறாள். குறி எங்கே இருக்கிறதோ அங்கேயே இடுகிறாள். அவற்றுள் சிலவற்றுக்கு இன்று நமக்கு விடை தெரியும். எனினும் எழுதப்போவதில்லை. அந்தப் பழைய பதிப்பு இவ்வாசகர்களில் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அதைக் கொண்டு எந்தப் பாகப்பிரிவினையும் செய்ய வேண்டா என்று வேண்டிக்கொள்கிறோம். உஸ்தாத் அவர்களுக்காக ஒரு துஆவும், இயலுமாயின் நமக்காக ஒன்றும் செய்யுங்கள்.