கிரப் மெனுவில் காணாமல் போன விண்டோஸ்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. திருநெல்வேலி டவுனில் உள்ள அந்தச் சின்ன டி.டி.பி. கடையில் பிரிண்டருக்கும் மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. சி.பி.யூ. பெட்டியைத் திறந்து ஊதியதில் ஒரு கைப்பிடி தூசி வந்தது. கடைக்காரர் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கங்களைத்தான் டைரியாக வைத்திருக்கிறார். இன்று எழுதியது ஒரே வரி: 14-ஆம் தேதிக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

அந்தத் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. அவருடையது 2016-இல் வாங்கிய, இன்டெல் ஆறாம் தலைமுறைப் பெட்டி. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. புதிது வாங்கக் கையில் காசில்லை. விண்டோஸை அழிக்கவும் வழியில்லை. இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள் பேஜ்மேக்கரில், யூனிகோடு பழக்கத்துக்கு வருமுன் இருந்த எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஆகவே விண்டோஸுக்கு நெட்டைத் துண்டித்துவிட்டு, இணைய வேலைகளுக்கு டெபியன் 13 லினக்ஸ் போடுவதென்று யோசனை. ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்.

அக்டோபர் 12, ஞாயிறு

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் போனில் பேசினார். பையனுக்கு இந்த விஷயத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள்ளிருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டான். மறுநாள் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று ஒரு வரி மட்டும் நின்றது. விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது; அதைக் கூப்பிட ஆளில்லை.

காரணம் இடநெருக்கடி. பழைய பயாஸ் முறையில் ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் கடைசி முத்திரைக்கு. இயங்குதளத்தைக் கூப்பிடும் பூட்லோடருக்கு மிஞ்சுவது 446 பைட். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைக்கூட யூனிகோடில் அதற்குள் அடக்க முடியாது. எனவே அங்கே ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துவிட்டு, மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனிலிருந்து எடுத்துக்கொள்ளும், லினக்ஸின் பூட்லோடரான கிரப். அந்தப் பார்ட்டிஷனைத்தான் பையன் அழித்தான்.

கிரப்பை 1995-இல் எழுதத் தொடங்கியவர் எரிக் போலின். குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தைத் துவக்குவதற்காக எழுதியது. ஹர்ட் இன்றுவரை பரவலாகவில்லை. அதற்கு வாசல் திறக்க வந்த கிரப் லினக்ஸ் உலகம் முழுக்க உட்கார்ந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

கடையை அடைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்: விண்டோஸ் இருக்கும் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., டிசைன்கள் இருக்கும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். டிசைன்களை வெளி டிஸ்கில் பிரதி எடுத்தார். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தார். ஹார்ட் டிஸ்கின் கடைசியில் 100 ஜி.பி. ஒதுக்கினார். எல்லாம் சரிதான்.

தவறு நடந்தது, எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும் எஃப்12 பட்டியலில். டெபியன் இன்ஸ்டாலர் இருந்த ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தது. ஒன்றின் முன்னால் ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்று இருந்தது, இன்னொன்றில் வெறும் பென் டிரைவ் பெயர். இரண்டும் ஒன்றுதானே என்று வெறும் பெயரைத் தட்டினார். பழைய பயாஸ் முறையில் இன்ஸ்டாலர் எழுந்தது. அரை மணி நேரம் ஓடிவிட்டு, பூட்லோடரை எந்த டிஸ்கில் எழுதட்டும் என்று கேட்டது. இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளிலேயே கனமானது இது. அதையும் நேரமண்டலம், கீபோர்டு கேள்விகளைப் போல அதே திரையில், அதே எழுத்தில் கேட்டு வைப்பது அநியாயம். தூக்கக் கலக்கத்தில் ஹார்ட் டிஸ்கைக் காட்டினார்.

மறுபடி ஆன் செய்தால் டெபியன் மட்டும் வருகிறது. மெனுவில் விண்டோஸைக் காணோம்.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஆறு மணிக்கே போன்.

“எய்யா, விண்டோஸ் போயிட்டு. ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை பூரா அதுலதாம் கெடக்கு.”

“போயிருக்காது மாமா. எஃப்12 தட்டி, விண்டோஸ் பூட் மேனேஜர்னு இருக்கான்னு பாருங்க.”

இருந்தது. தட்டியதும் விண்டோஸ் வழக்கம்போல வந்து நின்றது. அரை மணி நேரம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

விஷயம் இதுதான். அவருடைய விண்டோஸ், பயாஸுக்குப் பின் வந்த யூ.இ.எஃப்.ஐ. முறையில் போட்டது. இந்த முறையில் 446 பைட் நெருக்கடி கிடையாது. எஸ்.எஸ்.டி.யில் ஃபேட்32-இல் ஒரு சின்னப் பார்ட்டிஷன். அதற்குள் சாதாரணக் கோப்புகளாகவே பூட்லோடர்கள் கிடக்கும். எதை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். ராத்திரி போட்ட கிரப்போ பழைய பயாஸ் வழியில் ஏறியது. அந்த வழியில் ஏறிய பிறகு நடுவில் யூ.இ.எஃப்.ஐ.க்கு மாறி விண்டோஸை எழுப்ப முடியாது. அதனால்தான் மெனுவில் விண்டோஸ் இல்லை.

மாலையில் பையன் போனில் சொல்லச் சொல்ல, இந்த முறை யூ.இ.எஃப்.ஐ. என்று எழுதிய வரியைத் தட்டி, ரெஸ்கியூ மோடுக்குள் போனார். அந்தச் சின்னப் பார்ட்டிஷனை ஏற்றி, கிரப்பின் யூ.இ.எஃப்.ஐ. பதிப்பை அதில் போட்டார். திறந்து பார்த்தால் மூன்று ஃபோல்டர்: பூட், மைக்ரோசாஃப்ட், டெபியன். பார்ட்டிஷன் மொத்தமே 100 எம்.பி. “இத்தினிக்கூண்டு இடத்துக்கா ராத்திரி பூரா முழிச்சேன்” என்று நோட்டில் இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

பாதி வேலை பாக்கி. கிரப் இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. ஆனாலும் மெனுவில் விண்டோஸ் வரவில்லை. மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஓ.எஸ்.-புரோபரை ஓட்டப்போவதில்லை என்று ஒரு எச்சரிக்கை வரி.

மற்ற பார்ட்டிஷன்களைத் துழாவி வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து தானாக ஓடாதபடி அணைத்து வைத்திருக்கிறார்கள். அறியாத பார்ட்டிஷனைத் திறந்து பார்ப்பதில் ஆபத்து உண்டுதான், காரணம் நியாயமே. ஆனால் வீட்டில், கடையில் இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவனுக்கு அந்த ஒற்றை எச்சரிக்கை வரி போதாது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ‘ஓ.எஸ்.-புரோபரை முடக்கு’ என்ற வரிக்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து, மறுபடி கட்டளையை ஓட்டினார். ‘விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது.

பையன் இன்னொன்றும் சொல்லி வைத்தான். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட், பழைய பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏற்காதபடி செய்தது. இரண்டு சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர்களை அது தொடாது என்று அறிவித்திருந்தும், பலருக்கு லினக்ஸ் எழும்பாமல் நின்றது. ஆகவே மீட்புக்கான பென் டிரைவை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னான். மேஜை டிராயரில், ரப்பர் ஸ்டாம்ப் மையோடு அதுவும் இருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். மெனு 5 நொடிதான் நிற்கிறது. காலையில் கடை திறக்கும் பெண் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போய்விடுவாள். திரும்பி வந்தால் டெபியன் திறந்திருக்கும், பேஜ்மேக்கர் எங்கே என்று தேடுவாள். நேரத்தை 30 நொடியாக்கி, தானாகத் திறப்பதை விண்டோஸுக்கு மாற்றினார்.

பிறகு ஒரு அட்டையில் 24 பாயின்ட் எழுத்தில் அடித்து, மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டினார்: ‘பென் டிரைவ் ரெண்டு வரியா தெரிஞ்சா யூ.இ.எஃப்.ஐ. போட்டதை எடு. விண்டோஸ் காணோம்னா முதல்ல எஃப்12.’