கம்பளியால் எழுந்த மலையூர்

இத்தாலியின் நடுப்பகுதியில், அப்ருத்ஸோ மாநிலத்தில், கிரான் சாஸ்ஸோ மலைகளின் தென்சரிவில் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சாண்டோ ஸ்டெஃபனோ தி செஸ்ஸானியோ. இந்தச் சிற்றூரின் நுழைவாயிலுக்கு மேலே, கல்லில் செதுக்கிய ஒரு சின்னத்தில் ஆறு உருண்டைகள் தெரியும். ஃபிளாரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் சின்னம் அது. வங்கித் தொழிலில் செழித்து, மைக்கேலாஞ்சலோவுக்கும் கலிலியோவுக்கும் ஆதரவு தந்த குடும்பத்துக்கு, வேறொரு அரசின் எல்லைக்குள் கிடந்த இந்தக் குளிர்ந்த மலையில் என்ன வேலை?

விடை, ஆடு. கார்ஃபாஞ்ஞா எனப்படும் கருநிற முரட்டுக் கம்பளி இங்கே கிடைத்தது. படைவீரர்களின் உடைக்கும் துறவிகளின் அங்கிக்கும் அதற்குத் தேவை இருந்தது. 1579இல் பிக்கோலோமினி குடும்பத்தைச் சேர்ந்த கோஸ்தான்ஸாவிடமிருந்து டஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் ஃபிரான்செஸ்கோ தெ மெடிச்சி இந்தப் பகுதியை விலைக்கு வாங்கினார். 1743 வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஊர் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

ஊருக்கு மேலே விரியும் காம்போ இம்பெராத்தோரே பீடபூமி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் அது முழுக்கப் புல். குளிர்காலத்தில் முழுக்கப் பனி. எனவே இலையுதிர்காலம் தொடங்கியதும் இடையர்கள் மந்தையோடு தெற்கே, புல்யா மாநிலத்தின் சமவெளிக்கு இறங்கினார்கள். வசந்தம் முடியும்போது திரும்பினார்கள். அவர்கள் நடந்த பாதைகளில் மிகப் பெரியது லாக்விலா நகரிலிருந்து புல்யாவின் ஃபோஜா வரை 244 கிலோமீட்டர் நீளம், 111 மீட்டர் அகலம். அது மண்ணும் புல்லும்தான். ஆடு மேய்ந்துகொண்டே நடக்க வேண்டுமே, அதற்காகத்தான் அத்தனை அகலம்.

அப்போது இந்தப் பகுதியை ஆண்ட நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்ஸோ 1447இல் இந்த இடப்பெயர்வைச் சட்டமாக்கி, ஓர் ஆட்டுச் சுங்கத்தையே ஏற்படுத்தினார். இடையர் வரி கட்டினால் குளிர்கால மேய்ச்சல் நிலம் உறுதி. அரசுக்கும் கொள்ளை வருமானம். ஆண்கள் மந்தையோடு போன மாதங்களில் மலையூர்களைப் பெண்களும் முதியவர்களுமே பார்த்துக்கொண்டார்கள்.

கம்பளி தந்த பணம்தான் ஊரின் கல்லில் தெரிகிறது. தனியாக ஒரு கோட்டைச் சுவர் கிடையாது; ஓரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, முதுகை வெளியே காட்டி, தாங்களே மதிலாக நிற்கின்றன. உள்ளே இரண்டு ஆள் ஒதுங்கி நடக்கும் சந்துகள். பல இடங்களில் அவற்றுக்கு மேலேயே வீடுகளைக் கட்டியிருப்பதால், பனிக்கும் காற்றுக்கும் தப்பி ஊருக்குள் நடமாடலாம். அந்த இருட்டுச் சந்துகளுக்கு நடுவே திடீரென்று நுட்பமான தூண் வைத்த இரட்டை ஜன்னல் ஒன்றைக் காணலாம். இடையர் ஊரில் இதை வைத்தது கம்பளிக் காசு.

ஆட்டுச் சுங்கம் 1806இல் ஒழிந்தது. இத்தாலி ஒன்றான பிறகு, 1865இல் வந்த சட்டம் புல்யா சமவெளியை மேய்ச்சல் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. மேய்ந்த நிலத்தில் ஏர் ஓடியது. குளிர்காலப் புல் போனதும் மந்தைகள் சுருங்கின. பிழைப்புத் தேடிச் சனங்கள் நகரங்களுக்கும் கடல் கடந்தும் போனார்கள். பூட்டிய வீடுகள் பூட்டியபடியே கிடந்தன. இடித்துப் புதிதாகக் கட்டவும் யாரிடமும் பணமில்லை. இன்று பயணிகள் வியக்கும் பழைமையைக் காப்பாற்றித் தந்தது அந்த வறுமைதான்.

1999இல் இங்கே வந்த இத்தாலிய-ஸ்வீடிஷ் தொழிலதிபர் தானியேலே கில்கிரென் பாழடைந்த வீடுகளை வாங்கி, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அறைகளைக் கொண்ட விடுதியாக்கினார். அடுப்புக் கரி படிந்த சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கவில்லை. தேய்ந்த தரையை மாற்றவில்லை. ஊரைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர் நிர்வாகத்தோடு உடன்பாடும் செய்துகொண்டார்.

அந்த அணுகுமுறையின் அருமையை ஒரு துயரம் உணர்த்தியது. 2009 ஏப்ரல் 6, அதிகாலை 3.32 மணிக்கு லாக்விலாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். சாண்டோ ஸ்டெஃபனோவில் பல வீடுகள் விரிசல் விட்டாலும் ஊர் பெரும்பாலும் நின்றது. விழுந்தது அதன் அடையாளமான மெடிச்சி கோபுரம். முந்தைய பழுதுபார்ப்பின்போது உச்சியில் ஏற்றிய கான்கிரீட்டின் பாரமே அதைச் சாய்த்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கிடைத்த பழைய கற்களையும் சேர்த்துக் கோபுரத்தை இப்போது மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

அருகே 1,460 மீட்டர் உயரத்தில் நிற்கும் ரோக்கா கலாஷோ கோட்டைக்கு வேறு கதை. 1703இன் நிலநடுக்கம் அதை ஒட்டியிருந்த குடியிருப்பைச் சிதைத்தது. மக்கள் கீழே உள்ள கலாஷோ ஊருக்கு இறங்கிவிட்டார்கள். நடுவே சதுரக் கோபுரம், நான்கு மூலையிலும் வட்டக் கோபுரங்கள், எதிரே எண்கோண வடிவில் ஒரு தேவாலயம். 1985இல் வந்த லேடிஹாக் திரைப்படம் இதை உலகுக்குக் காட்டியது.

சாண்டோ ஸ்டெஃபனோவின் உயிர்ப்பு கல்லில் மட்டும் இல்லை. இங்கே விளையும் பொடிப் பொடியான கரும்பழுப்புப் பருப்பு, நம் மைசூர் பருப்பின் உறவு. ஊற வைக்காமலே வெந்துவிடும். 1,000 மீட்டருக்கு மேலே, வளம் குறைந்த மண்ணில், வசந்தத்தில் விதைத்துக் கோடையின் கடைசியில் அறுக்கிறார்கள். அதற்கென்று ஒரு திருவிழாவும் உண்டு. இடையரின் பருவகால நடையை 2019இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனாலும் ஊரில் இன்று வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். 2020இல் ஊராட்சி, இங்கே குடியேறித் தொழில் தொடங்கும் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிதியுதவி அறிவித்தது. பழைய சுவரைக் காப்பாற்றும் வித்தையை இந்த ஊர் கற்றுவிட்டது. வந்து தங்கிப் போகும் விருந்தினரால் மட்டும் ஓர் ஊர் ஊராகிவிடாது. அங்கேயே உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் வேண்டும். பழைய ஊர்களைக் காப்பது பற்றிப் பேசுகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே பிழைப்புக்கு என்ன வழி என்பதைத்தான்.