கடைச் சாப்பாடும் நாங்களும்

புலம்பெயர்ந்து வந்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். வந்த முதல் வருடத்தில் கடையில் இருந்து சாப்பிட்டது எத்தனை தரம் என்று எண்ண ஒரு கை விரல்களே போதும். காசு ஒரு காரணம். பாஷை இன்னொன்று. மூன்றாவது காரணம் இவை இரண்டையும்விடப் பெரிது. ஊரில் இருக்கிற எங்கள் சனம் இன்றைக்கு என்ன சாப்பிட்டதோ என்ற நினைப்பு வந்தால், எடுத்த கரண்டி கையிலேயே நின்றுவிடும்.

மெரிலேண்ட்ஸுக்கும் அயலுக்கும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக, இந்த மூன்றையும் பற்றி எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பிள்ளைகளின் அம்மம்மா. அம்மம்மா 2009இல் வன்னிக்குள் இருந்தவர். கஞ்சிக்கு வரிசையில் நின்று, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் தட்டோடு வரிசையில் நின்று, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். இங்கே பெரிய கடைத்தொகுதிகளில் சாப்பாட்டுக் கடைகள் ஒரே மண்டபத்தில் இருக்கும். தட்டம் ஏந்தி வரிசையில் நின்று வாங்க வேண்டும். அந்த வரிசையைக் கண்டதும் அம்மம்மா, "எனக்குப் பசியில்லைப் பிள்ளை, நீங்கள் சாப்பிட்டு வாங்கோ" என்று வாங்கிலில் போய் இருந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் எவரும் சாப்பிடவில்லை. இனிமேல் வெளியில் சாப்பிடுவதென்றால் மேசையில் இருத்திப் பரிமாறுகிற இடத்துக்குத்தான் போவது என்று வீட்டில் முடிவு செய்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான்.

மெரிலேண்ட்ஸ் சிட்னி நகர மத்தியிலிருந்து மேற்கே 25 கிலோமீற்றர் அளவில், பரமட்டாவுக்கு அருகில் இருக்கிறது. வைகாசிக் குன்று என்று நம்மவர் அன்போடு அழைக்கும் மேய்ஸ் ஹில்லில் 1999இல் எழுந்த முருகன் கோயில் கிட்டத்தான். வெங்காயம், மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு என்று நம் சாமான் தேடுகிறவர்கள் பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், ரூங்காபிப் பக்கம் போவார்கள். தோசையும் வட இந்தியச் சாப்பாடும் வேண்டுமென்றால் ஹரிஸ் பார்க் இருக்கிறது. இவையெல்லாம் நமக்குப் பழகிய வாசனைகள். மெரிலேண்ட்ஸ் வீதியில் நடந்தால் வேறு வாசனைகள் வரும். அவைதான் எங்களுக்குப் புதினமாக இருந்தன.

லெபனானில் 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990 வரை நடந்தது. அந்தக் காலத்தில் உயிர் தப்பி வந்தவர்கள் பலர் சிட்னியின் மேற்கில்தான் குடியேறினார்கள். அவர்களுடைய கரிக்கோழி இன்று எல்லாருக்கும் பொதுச் சாப்பாடாகிவிட்டது. 1998இல் பக்கத்துக் கிரான்வில்லில் தொடங்கிய 'எல் ஜன்னா' என்ற கோழிக்கடை இப்போது பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கிறது. நெருப்புத் தணலில் வாட்டிய கோழி, மெல்லிய தட்டை ரொட்டி, ஊறுகாய், 'தூம்' என்கிற வெள்ளைப் பசை. அந்தப் பசை முழுக்க உள்ளியும் எண்ணெயும்தான். உறைப்பு இல்லையே என்று முகம் சுழித்த அம்மம்மா, உள்ளி மணத்தில் சமாதானமாகிவிட்டார். மரக்கறிக்காரருக்கு 'பலாபெல்' இருக்கிறது. கடலையை ஊறவிட்டு அரைத்து, கொத்தமல்லி இலையும் சீரகமும் சேர்த்துப் பொரிப்பது. நம் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம்.

ஆப்கானியரும் இங்கே நிறையப் பேர். அவர்களில் எத்தனையோ பேர் போருக்குத் தப்பி வந்தவர்கள். 2021இல் காபூல் மீண்டும் தலிபான்களின் கையில் விழுந்தபின் வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய சோறு நீண்ட அரிசியில் ஆட்டிறைச்சியோடு சமைத்து, மேலே கரட்டும் முந்திரிகை வத்தலும் தூவியது. 'மந்து' என்பது இறைச்சி வைத்து அவித்த கொழுக்கட்டை. மேலே தயிரும் பருப்பும் ஊற்றித் தருவார்கள். 'போலானி' என்றால் உருளைக்கிழங்கோ லீக்ஸோ உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. வெள்ளிக்கிழமைக்கும் பயமில்லாமல் சாப்பிடலாம், ஆனால் எந்த எண்ணெயில் சுட்டது என்று ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு ஆப்கானியக் கடையில், நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் எங்களுக்கு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் ஊற்றினார். அவருக்கும் அம்மம்மாவுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. எங்கள் மகள்தான் நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். எந்த நாடு என்று கேட்டார். சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனவர், சுடச்சுட ஒரு ரொட்டியைக் கொண்டு வந்து அம்மம்மாவின் முன்னால் வைத்து, காசு வேண்டாம் என்று கையால் காட்டினார். அம்மம்மா அதை ஐந்தாகப் பிய்த்து எங்கள் ஐந்து பேருக்கும் தந்தார். தட்டில் ஒரு துணுக்கும் மிச்சம் விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அந்த மனுசனும் எங்கையோ வரிசையிலை நிண்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மெரிலேண்ட்ஸில் றெயின் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கபிரமட்டா. அது வியட்நாமியரின் ஊர். அவர்களுடைய முதல் அகதிப் படகு 1976 ஏப்ரலில் டார்வின் கரையை அடைந்தது. அந்தப் படகுக்காரரின் நூடில்ஸ் சூப்பையும், மொறுமொறுப்பான பாணுக்குள் மரக்கறியும் இறைச்சியும் வைத்த சாப்பாட்டையும் இன்று வெள்ளைக்காரரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிட்னி கடற்கரை நகரம். பிள்ளைகள் ஒருநாள் பொண்டாய் கடற்கரைக்குப் போவோம் என்று அடம்பிடிப்பார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான் அங்கே ஊர்ச் சாப்பாடு. 'பாரமண்டி' என்று எழுதியிருந்தால் தயங்க வேண்டாம், அது நம் கொடுவா மீன்தான். கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும், கவனம். குளிப்பதென்றால் சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மாத்திரம். காசு கையைக் கடித்தால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். பல பூங்காக்களில் இலவச மின்னடுப்பு இருக்கிறது. மற்றவர்கள் மாட்டிறைச்சி சுட்டிருப்பார்கள், ஆகவே அலுமினியத்தாள் விரித்துச் சமைப்பது நல்லது.

இங்கத்தைய 'மீற் பை' என்ற இறைச்சி அப்பத்துக்குள் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். தேர்தல் நாளில் பள்ளிக்கூட வாசலில் பாணுக்குள் சொசேஜும் வெங்காயமும் வைத்து விற்பார்கள். 'ஜனநாயக சொசேஜ்' என்ற அந்தப் பெயரை 2016இல் அவுஸ்திரேலிய தேசிய அகராதி நிலையம் ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது. இறைச்சி வேண்டாம், வெங்காயம் மட்டும் போதும் என்றால் அப்படியும் தருவார்கள். பிரசாவுரிமை பெற்றவர்கள் வாக்களிப்பது இந்த நாட்டில் கட்டாயம். முதல் வாக்கைப் போட்டுவிட்டு வாசலில் நின்று சாப்பிடுகிற அந்த வெங்காயப் பாணுக்கு ஒரு தனி ருசி உண்டு.

பிள்ளைகள் இந்தச் சாப்பாடுகளை விரும்ப, வீட்டுப் பெரியவர்கள் "இதெல்லாம் எங்கட சாப்பாடோ?" என்று கேட்பது வழக்கம். எது எங்கட சாப்பாடு? மரவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மரமுந்திரிகை பிரேசில் நாட்டுச் செடி. செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. அதற்கு முன் நம்மவருக்கு உறைப்பென்றால் மிளகுதான். பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனது.

அதே பிரேசிலில் சல்வடோர் என்றொரு கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கே வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் தெருவோரத்தில் இருந்து 'அக்கராஜே' என்று ஒன்று விற்பார்கள். கௌபியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, செந்நிறப் பனையெண்ணெயில் பொரித்து, பிளந்து இறால் வைத்துத் தருவது. கேட்டால் வடை போலத்தான் இருக்கிறது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட மேற்கு ஆபிரிக்க மக்கள் கையோடு ஒன்றும் கொண்டு போகவில்லை. இந்தப் பக்குவம் அவர்களின் நினைவில் போயிற்று. 2005இல் பிரேசில் அரசு அந்தப் பெண்களின் தொழிலைத் தேசிய மரபுரிமையாகப் பதிவு செய்தது. ஆகவே பிள்ளை பலாபெல் சாப்பிடுகிறதே என்று பயப்பட வேண்டாம். வீட்டில் வடையும் சுட்டுக் கொடுங்கள்.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். இங்கே பரிமாறுகிறவருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகத் தருவார்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்வது அவமானம் இல்லை. மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையும் அரச விடுமுறையிலும் சில கடைகளில் விலை கூடும். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஹலால் என்று எழுதிய கடையில் பன்றி இராது, ஆனால் மாடு இருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம், குசினிக்குள் நிற்பவர்களிலும் நம்மவர் அநேகர். எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவர் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். விசா இன்னும் தீரவில்லை என்பதைச் சாட்டாக வைத்து, சட்டப்படி உள்ள சம்பளத்திலும் குறைவாகக் கையில் காசாகக் கொடுத்தார்கள். வாய் திறந்தால் விசாவுக்கு ஆபத்து என்று அவர் பேசாமல் இருந்தார். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும், விசா நிலை எதுவாக இருந்தாலும், பொருந்தும் என்பதை 2023இல் செய்த திருத்தம் ஐயமறச் சொல்லியிருக்கிறது. ஃபெயர் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தின் இலக்கம் 13 13 94. ஆங்கிலம் வராதவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை எடுத்து 'தமிழ்' என்று சொன்னால் இணைத்து விடுவார்கள். வேலை செய்த நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள்.

கடைசியாக, அந்த மூன்றாவது காரணம். 2022இல் ஊரில் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசை. மண்ணெண்ணெயும் இல்லை, மாவின் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த மாதங்களில் எங்கள் சனிக்கிழமைச் சாப்பாடு தானாகவே நின்றது. ஒருவரும் சொல்லவில்லை, போக மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி தொலைபேசியில் பேசியபோது பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டார்கள். சித்தி சிரித்தார். "நீங்கள் அங்கை பட்டினி கிடந்தால் எங்கட அடுப்பு எரியுமே? அனுப்புறதை அனுப்புங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ன சாப்பிட்டது எண்டு எனக்கும் சொல்லுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மாதம் பிறந்ததும் முதலில் ஊருக்குரிய காசு போகும். அது போன பின்புதான் சனிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் மகள் சித்தியை அழைத்து, ஒவ்வொரு கறியாகச் சொல்லுவாள். "உறைப்புக் காணுமே?" என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து எப்போதும் வரும் கேள்வி. எல்லாக் குடும்பத்துக்கும் இந்த ஒழுங்கு சரிவரும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன் தலைக்கு மேல் இருக்கிறவர்களுக்கும், உறவுகளின் விசா முடிவுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கும் மனம் வேறு விதமாகச் சொல்லும். அவர்கள் ஒரு பொதி புளிச்சோற்றோடு பூங்காவில் போய் இருந்தாலும் அதுவும் வெளிச் சாப்பாடுதான்.

உங்கள் பகுதியில் எந்தக் கடையில் மரக்கறியைத் தனிச் சட்டியில் சமைக்கிறார்கள், எங்கே வயதானவர்களை இருத்தி ஆறுதலாகப் பரிமாறுகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். மெல்பேர்ண் டண்டினோங் பக்கத்து வாசகர்களும் எழுதலாம். அடுத்த சனிக்கிழமை எங்கே என்று எங்கள் பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மம்மாவும்தான்.