நம்பாம ஏத்தின விளக்கு

கபாலா பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான், "ரஜினி படமா?" அது கபாலி. இது கபாலா, யூதர்களோட மறைஞான மரபு. எபிரேய மொழியில் இந்தச் சொல்லுக்குப் 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். குரு சொல்லச் சொல்ல சீடன் வாங்கிக்கொள்ளும் அறிவு. நெட்ல தேடினீங்கன்னா முதல்ல மாட்டுறது பாடகி மடோனாவும், மணிக்கட்டுல கட்டுற சிவப்புக் கயிறும்தான். கயிறைக் காசுக்கு விக்கிறாங்க, நம்ம ஊர் ராசிக்கல் மோதிரம் மாதிரி. அதை இத்தோட விட்டுடலாம்.

நான் இதுக்குள்ள போனது ஒரு ஐ.வி.யால. கொச்சி போயிருந்தோம். ஃபேக்டரி பார்த்தது அரை நாள், மட்டாஞ்சேரி சுத்தினது மீதி நாள். அங்கே 1568ல் கட்டின யூத ஜெபாலயம் இருக்கு. பேரே 'பரதேசி'. 1492ல் ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டை விட்டே விரட்டினப்போ கிளம்பினவங்களோட வழியில் வந்த சிலர் கொச்சி வரைக்கும் வந்து சேர்ந்திருக்காங்க. மத்தவங்க எங்கே போனாங்கன்னு பஸ்ல உட்கார்ந்து தேடினப்போதான் சஃபேத் என்கிற ஊர் கிடைச்சது. கலிலேயா மலைமேல ஒரு சின்ன ஊர். இப்போ இஸ்ரேல்ல இருக்கு, அப்போ துருக்கி சுல்தானின் ஆட்சி. பதினாறாம் நூற்றாண்டில் கபாலாவுக்குத் தலைநகரமே அதுதான்.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி: இதைப் படிக்க நாற்பது வயசாகணுமாமே? நமக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கே! அந்த விதிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1665ல் சபதாய் செவி என்பவரை, யூதர்கள் காத்திருந்த மீட்பர் இவர்தான்னு ஊர் ஊரா கூட்டம் நம்பிச்சு. அடுத்த வருஷமே அவர் சுல்தான் முன்னாடி இஸ்லாமுக்கு மாறிட்டார். நம்பினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அந்த இயக்கம் கபாலா பேசித்தான் வளர்ந்தது. அதன் மிச்சசொச்சம் அடுத்த நூற்றாண்டிலும் தலையெடுக்க, இப்போ உக்ரைனில் இருக்கிற ப்ரோடி நகரத்து ராபிகள் 1756ல் தடை போட்டாங்க. ஸோஹார் என்கிற மூலநூலை 30 வயசுக்கு முன்னாடி தொடக்கூடாது, ஐசக் லூரியாவின் போதனைகளை 40க்கு முன்னாடி தொடக்கூடாது. வேடிக்கை என்னன்னா, அந்த லூரியா செத்துப்போனதே 38 வயசுல!

சரி, அந்த லூரியா என்ன சொன்னார்? 1570ல் சஃபேத்துக்கு வந்தார், 1572ல் போயிட்டார். ரெண்டு வருஷம்தான். தானா எழுதினது ரொம்பக் கொஞ்சம். சீடர் ஹயீம் விதால் எழுதி வைத்ததுதான் நமக்குக் கிடைக்குது. எல்லையே இல்லாத கடவுள் எங்கேயும் நிறைஞ்சிருந்தா உலகத்துக்கு இடம் எங்கே? அதனால கடவுள் முதலில் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு வெற்றிடம் விட்டார் என்கிறார் லூரியா. அந்த இடத்துக்குள் ஒளி பாய்ஞ்சது. ஒளியைத் தாங்க வேண்டிய பாத்திரங்கள் சில தாங்க முடியாம உடைஞ்சுபோச்சு. நம்ம பாஷையில ஓவர்லோடு. உடைஞ்ச துண்டுகளோட ஒளிப்பொறிகளும் உலகம் பூரா சிதறி மாட்டிக்கிச்சு. அதை மீட்டு எடுக்கிறது மனுஷனோட வேலை.

வீட்டை விட்டு விரட்டப்பட்ட ஜனங்களுக்கு 'கடவுளே கொஞ்சம் அகதிதான்' என்று சொல்ற மாதிரி இருக்கு இல்ல? கெர்ஷோம் ஷோலெம் என்ற பெரிய ஆய்வாளர் இதை 1492ன் வலியோட சேர்த்துத்தான் படிச்சார். அவருக்கு அப்புறம் வந்த மோஷே ஐடெல் அதை ஒத்துக்கல. எனக்கு ஷோலெம் சொல்றதுதான் மனசுல நிக்குது.

பொறிகளை எப்படி மீட்கிறது? இங்கேதான் எனக்கு இடிச்சது. தியானம், மௌனம்னு ஏதாவது வரும்னு பார்த்தா, சாப்பிடும் முன் நன்றி சொல், ஓய்வுநாளைக் கடைப்பிடி, சட்டப்படி நட என்கிறார்கள். அதே சஃபேத்தில், அதே காலத்தில் வாழ்ந்தவர் யோசேப் காரோ. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக் அவர் எழுதினது, 1565ல் வெனிஸில் அச்சானது. எந்தக் காலுக்கு முதலில் செருப்பு போடணும் என்பது வரைக்கும் அதில் இருக்கு. அதே மனுஷன் தனக்குள்ள ஒரு தேவதூதர் பேசுவதா நம்பி, அது சொன்னதை எல்லாம் குறிப்பா எழுதி வச்சார். ஒரே மண்டைக்குள்ள ரெண்டும். "ஐ ஆம் ஸ்பிரிச்சுவல், பட் நாட் ரிலிஜியஸ்" என்று இன்ஸ்டா பயோவில் போடுற நம்மளை அவர் பார்த்தா முழிச்சிருப்பார்.

நானும் அந்த ஆள்தான். கோயிலுக்கு வரமாட்டேன், சண்டையும் போடமாட்டேன். ஆனா போன வருஷம் பாட்டி போனதிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு என் தலையில விழுந்திருக்கு. அம்மா வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆகும். ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறது நான் மட்டும்தான். நம்பிக்கை இல்லாதவன் ஏத்தினா அது விளக்கா, சும்மா நெருப்பா? யூத வீடுகளிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு உண்டு. அங்கே சூரியன் மறையறதுக்கு முன்னாடியே ஏத்திடணும், ஓய்வுநாள் தொடங்கிட்டா நெருப்பு மூட்டக்கூடாது.

அதனால என் கேள்வியை அவங்ககிட்டயே கொண்டுபோனேன். கடமையைச் செய்றப்போ மனசும் சேரணுமா, கை செஞ்சா போதுமா என்று தால்முத் காலத்திலேயே வாக்குவாதம் நடந்திருக்கு. காரோ தீர்ப்பு: மனசும் சேரணும். அதுக்கு அவங்க வச்சிருக்கிற சொல் 'கவனா'. நம்ம 'கவனம்' மாதிரியே ஒலிக்குது (தற்செயல்தான், யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிடாதீங்க). சட்டத்துல அதுக்கு அர்த்தம், 'இந்தக் கடமையை நிறைவேத்தத்தான் இதைச் செய்றேன்' என்று தெரிஞ்சு செய்யறது. உனக்குள்ள சந்தேகம் எவ்வளவு இருக்குன்னு அங்கே யாரும் அளந்து பார்க்கல. லூரியாவின் ஆட்கள் அதை எங்கேயோ கொண்டுபோனாங்க, ஜெபத்தின் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கவனா. அவ்வளவு தூரம் எனக்கு வேண்டாம்.

பித்தளைக் குத்துவிளக்கு, பாட்டி திரி போடுற மாதிரியே ரெண்டு திரி சேர்த்து முறுக்கி ஏத்தறேன். பாட்டிக்காகத்தான் ஏத்தறேன்னு நல்லாத் தெரிஞ்சே ஏத்தறேன். காரோவோட கணக்குல இது செல்லாதுன்னு நினைக்கிறேன். அவர் கேட்கிறது கடவுளோட கட்டளை, என்கிட்ட இருக்கிறது பாட்டியோட கட்டளை. அம்மாவோட கணக்கு வேற. ஆறே காலுக்கு ஆபீஸ்ல இருந்து போன் வரும். கேக்கிறது ரெண்டே கேள்வி: ஏத்தியாச்சா, எண்ணெய் இருக்கா.