சக்கரத்தின் பற்களை எண்ணியவர்கள்

திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் திரும்பும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த மெக்கானிக் ஷெட். தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், மூன்று வண்டிகள் நிற்க இடம். 2007-இல் வாங்கிய என் காரைக் காலை எட்டரை மணிக்கு அங்கே நிறுத்திவிட்டு, நாள் முழுவதும் கூடவே இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஷெட்டுப் பெரியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிக்னலை நெருங்கி, வண்டி நிற்கப்போகும் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொள்ளும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் வண்டி நிற்கும். சில வாரத்தில் டேஷ்போர்டில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கான மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கியது. முதலில் காட்டிய வேறொரு பட்டறையில் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். விளக்கு எரியவில்லை, பெடலும் அடிக்கவில்லை. நானும் நம்பிவிட்டேன். போன ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே வழுக்கிப் போனது. மாடு விலகியதால் பிழைத்தோம்.

பெரியவர் சாவியைத் திருப்பச் சொன்னார். மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஏபிஎஸ் விளக்கைத் தவிர.

"பல்பைக் கழட்டிட்டாங்க சார். ஃபியூஸும் இருக்காது பாருங்க."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. என் மனைவியும் மகளும் இத்தனை மாதமாக இந்த வண்டியில்தான் போய்வந்தார்கள்.

1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. நம் நாட்டில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முன்பு பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட கார்கள் இப்போது பழசாகி, இரண்டு மூன்று கை மாறி, இதுபோன்ற ஷெட்டுகளுக்குத்தான் வருகின்றன.

திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும், ஐடிஐ முடித்த தம்பி ஒருவர் அங்கே இருக்கிறார். ஃபியூஸும் பல்பும் போட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து ஸ்கேனரை மாட்டினார். முன்பக்க இடது சக்கர சென்சார் என்று கோளாறு காட்டியது. புது சென்சார் வாங்கி வரட்டுமா என்றேன். "அளந்து பார்த்துட்டு வாங்கலாம் சார்" என்றார் தம்பி. இந்த ஒரு வரிக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

சென்சார் என்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். அதன் எதிரே, டிரைவ் ஷாஃப்டின் முனையில், பல் வைத்த இரும்பு வளையம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சிறு மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று ஏபிஎஸ் கருவி கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை குறைத்துக் கூட்டுகிறது. தம்பி மல்டிமீட்டரை வைத்தார். இடது, வலது இரண்டு சென்சாரும் ஆயிரம் ஓம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுபோலக் காட்டின. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலப்பக்கம் மின்னழுத்தம் சீராக வந்தது. இடப்பக்கம் சுற்றுக்கு ஒரு தடவை விழுந்து எழுந்தது.

பெரியவர் டார்ச் அடித்து, ஷாஃப்டைத் துணியால் துடைத்து, ஒரு பல்லின் அடியை நகத்தால் தடவிக் காட்டினார். மயிரிழை விரிசல். உப்புக்காற்றில் வளையத்துக்கு அடியில் துரு ஏறியிருக்கிறது. துரு ஏறினால் உப்பிப் பெருகும்; அப்படி உப்பிய துரு வளையத்தை விரித்துப் பிளந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடியதால், மெதுவாகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கருவி தவறாக எண்ணி பிரேக்கை விட்டுவிட்டிருக்கிறது. சிக்னலில் நான் பட்ட படபடப்பு அதுதான்.

புதுப்பேட்டையிலிருந்து புது வளையம் வந்தது. விலை சென்சாரில் கால்வாசிகூட இல்லை. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டு, இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டிலும் 48. ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வேகக் கணக்கு தப்பும் என்பதால் இருவரும் எண்ண வேண்டும் என்பது பெரியவரின் வழக்கம். ஷாஃப்டை எமரி பேப்பரால் வெள்ளையாகத் தேய்த்தார் தம்பி. ரப்பர் பூட்டில் சூடு படக் கூடாது என்று வளையத்தை மட்டும் தனியே சூடாக்கி, விரிந்த நொடியில் பெரியவர் இடுக்கியால் எடுத்து நேராக இறக்கினார். ஆறியதும் அது கவ்விப் பிடித்துக்கொண்டது.

பிரேக் ஆயிலும் மாற்றினார்கள். வடிந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; நீர் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கும். ஏபிஎஸ் கருவிக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளும் ஈரத்தால் துருப்பிடிக்கும். வளையம் சில நூறு ரூபாய். அந்தக் கருவி போனால் பழைய காரின் சொந்தக்காரரால் தாங்க முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதுதான் அதற்கான காவல். பிரேக் பேட் மாற்றும்போதும் ஆயில் வடிக்கும் நிப்பிளைத் திறந்துவிட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளுகிறார் பெரியவர். திறக்காமல் தள்ளினால் அடியில் தேங்கிய அழுக்கு மேலே ஏறி வால்வுக்குள் போய்விடுமாம்.

"அடி... அடி... புடிச்சுக்கோ... விடு." உள்ளே தம்பியின் கால், கீழே பெரியவரின் ஸ்பேனர். நான்கு சக்கரத்துக்கும் இந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

ஆளில்லாத மணல் படிந்த சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னார் பெரியவர். பெடல் என் பாதத்தைத் திருப்பி உதைத்தது. "காலை எடுக்காதீங்க, அழுத்தியே புடிங்க, ஸ்டியரிங்கைத் திருப்புங்க!" திருப்பினேன். வண்டி திரும்பி நின்றது.

நாளைக் காலை உங்கள் காரில் சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கைப் பாருங்கள். எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும், எரியாமலே இருந்தாலும், அன்றைக்கே வண்டியைக் காட்டுங்கள்.