கை கோக்கும் சிலிக்கான்

சிலிக்கோன் ரெசின் எப்படி இறுகுதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்கிறதுதான் என் ஃபைனல் இயர் புராஜெக்ட். லேப்ல எதையும் ஊத்திக் கலக்குற வேலை இல்ல. ஒரு லேப்டாப், நிறைய ரேண்டம் நம்பர், அவ்வளவுதான். இந்த முறைக்கு மான்டி கார்லோன்னு பேரு.

லீவுல சங்கரன்கோவில் போனப்ப, "அப்படி என்னல பண்ணுத?"ன்னு ஆச்சி கேட்டாங்க. மார்க்கெட்ல வாங்கின பிச்சிப்பூவைக் கட்டிட்டு இருந்தாங்க. 'ஃபங்ஷனாலிட்டி'க்குத் தமிழ் வார்த்தை வரல. "கை"ன்னு சொன்னேன். ஒரு சிலிக்கான் அணுவுக்கு நாலு கை. ரெண்டு அணு கை கோக்கும்போது தண்ணியோ ஆல்கஹாலோ வெளிய போகும். நடுவுல ஒரு ஆக்சிஜன் பாலமா நிக்கும். கோத்துக்கிட்டே போனா ஒரு கட்டத்துல திரவம் திடீர்னு ஜெல் ஆயிடும். ஆச்சி "சரி"ன்னுட்டுப் பூவைத் தொடர்ந்தாங்க. எனக்குத்தான் அந்தக் 'கை' மண்டைக்குள்ளேயே நின்னுச்சு.

எத்தனை சதவீதம் கை கோத்தா ஜெல் ஆகும்? பால் ஃப்ளோரி 1941-லயே கணக்குப் போட்டுட்டார். கைகளோட எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சு, அதால ஒண்ணை வகுக்கணும். நாலு கைன்னா மூணுல ஒண்ணு, அதாவது சுமார் 33 சதவீதம். என் புரோகிராமும் 33-ன்னே சொல்லுச்சு. கிராஃப் அவ்வளவு அழகா வந்துச்சு. ஆனா டெட்ரா எத்தாக்சி சிலேனை ஆசிடுல நிஜமாவே வினைபுரிய விட்டுப் பார்த்தவங்களுக்கு, 80 சதவீதத்தைத் தாண்டின பிறகுதான் ஜெல் வந்திருக்கு.

காரணம் அந்தக் கையிலயே இருக்கு. நாலு பேர் வட்டமா நின்னு தங்களுக்குள்ளேயே கை கோத்துக்கிட்டா, கோத்த கை கூடும்; கூட்டம் பெருசாகாது. சிலிக்கான் அப்படி வளையம் போடுறதுல கில்லாடி. வளையமே வராதுங்கிறது ஃப்ளோரியோட அனுமானம். என் புரோகிராமும் அதே அனுமானத்துல எழுதினதுதான். அப்புறம் ரெண்டும் ஒத்துப்போகாம என்ன செய்யும்?

வளையம் போடவும் அனுமதி கொடுத்து மறுபடி ஓட்டினேன். எண் மேல ஏறுச்சு. ஆனா 80-ஐ இன்னும் தொடல. ரிவ்யூவுக்கு அந்த 33 கிராஃப் மட்டும் போதும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, கேள்வியே வராதாம். நான் ரெண்டையும் காட்டப்போறேன். ஃபார்முலாவோட ஒத்துப்போறது வேற, ரெசினோட ஒத்துப்போறது வேற. நாம சிமுலேட் பண்றது ரெசினைத்தானே?